பயிரும் பெயரும் – 9: காஜாங்கின் 618 மரங்கள்

சென்ற இதழை ஒயின் திராட்சைகளின் பெயர்களோடு முடித்திருந்தோம். காபர்னே சோவின்யோன் என்ற பெயருக்குள்ளேயே அதன் தாயும் தகப்பனும் இருந்ததைப் பார்த்தோம். காபர்னே பிராங்க் என்ற கருந்திராட்சையும் சோவின்யோன் பிளாங் என்ற வெள்ளைத் திராட்சையும் ஏதோ ஒரு பிரெஞ்சுத் தோட்டத்தில் தானாகக் கலந்து பிறந்த கொடி அது. 1997இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மரபணுவைச் சோதித்து இதை உறுதிசெய்தார்கள். பெயரைக் கூர்ந்து படித்திருந்தால் முன்னமே ஊகித்திருக்கலாம். சிரா திராட்சையின் கதை இதற்கு நேர்மாறு. பாரசீகத்து ஷிராஸ் நகரிலிருந்து வந்த கொடி என்று காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். சோதித்துப் பார்த்தால் பெற்றோர் இருவருமே பிரான்சின் தென்கிழக்குப் பக்கத்துக் கொடிகள்.

இன்றைய பகுதிக்கு நமக்கு வேண்டியது வேறொரு திராட்சை. விதையில்லாத பச்சைத் திராட்சையைத் தாம்சன் என்கிறோம். வில்லியம் தாம்சன் என்பவர் கலிபோர்னியாவில் யூபா சிட்டி அருகே சொந்த நிலத்தில் பயிர் செய்தவர். 1872இல் நியூயார்க் மாநிலத்து நாற்றுப் பண்ணை ஒன்றிலிருந்து ‘லேடி டி கவர்லி’ என்ற பெயரில் வந்த குச்சிகளை வாங்கி நட்டார். உண்மையில் அது துருக்கியிலும் பாரசீகத்திலும் சுல்தானா, கிஷ்மிஷ் என்ற பெயர்களில் நெடுங்காலமாக வளர்ந்த பழங்கொடி. ஆனாலும் நட்டு வளர்த்துக் காட்டியவரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அதே தாம்சன் மராட்டியத்துக்கு வந்தபின் தாஸ்காவ் வட்டார விவசாயிகள் அதிலிருந்து ஒரு வகையைப் பிரித்தெடுத்தார்கள். தங்கள் ஊரின் முதலெழுத்துகளைச் சேர்த்துத் தாஸ்-ஏ-கணேஷ் என்று பெயரிட்டார்கள். மஸ்கட் ஹாம்பர்க் என்று ஐரோப்பியர் அழைத்த கருந்திராட்சை கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையாயிற்று. 2023இல் அந்தப் பெயரிலேயே புவிசார் குறியீடும் பெற்றது.

நிலம் யாருடையதோ அவர் வைத்த பெயர் நிலைக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வருவோம். இங்கே ஒயின் திராட்சை விளைந்ததில்லை. ஆனால் திராட்சையைப் போலவே ஒற்றை மரத்திலிருந்து லட்சக்கணக்கான மரங்களைப் பெருக்கி, அந்த ஒற்றை மரத்தின் பெயரையே அத்தனைக்கும் வைத்த பயிர் ஒன்று இங்கே நின்றது. நம் பாட்டன் பாட்டிமார் விடியற்காலை இருட்டில் எழுந்துபோய் வெட்டிய ரப்பர் மரம்தான் அது.

முதலில் வந்த மரங்களுக்குத் தனிப்பெயர் எதுவும் கிடையாது. 1876இல் ஹென்றி விக்கம் அமேசான் காட்டிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குச் சுமார் 70,000 விதைகளைக் கொண்டுபோனார். முளைத்தது சிறு பகுதிதான். அந்தக் கன்றுகளில் 22 மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தன. சிங்கப்பூர் தாவரத் தோட்டத்து ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லிதாகச் சீவிப் பாலெடுக்கும் முறையை 1890களில் வகுத்தார். அதே காலத்தில் காஜாங்கில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர் நட்டார்கள். மலாயாவில் வியாபாரத்துக்காக ரப்பர் நட்ட முதல் தோட்டங்களில் அதுவும் ஒன்று. இஞ்ச் கென்னத் என்பது ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் உள்ள ஒரு சிறு தீவு. கிளென்மேரி, கின்ராரா, சீபீல்டு, எஃபிங்ஹாம் என்று இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கத் துரைமார்கள் பதித்த தோட்டப் பெயர்களின் வரிசை அங்கிருந்தே தொடங்குகிறது.

அந்தத் தோட்டங்கள் எல்லாமே விதைபோட்டு எழுந்தவை. ரப்பர் விதை தாயைப் போலப் பிள்ளையைத் தராது. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மரங்களில் ஒன்று மங்கு நிறையப் பால் கொடுக்கும், மற்றது அடியை நனைப்பதோடு சரி. இது ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்துச் சொல்லவேண்டிய செய்தியல்ல. தன் நிரையில் எந்த மரம் கறக்கும், எது மலடு என்பது பால் வெட்டும் ஒவ்வொருவருக்கும் தெரியும். நாள் தவறாமல் அதே முந்நூறு நானூறு மரங்களைச் சுற்றிவருகிறவருக்குத் தெரியாமல் எப்படிப் போகும்? 1920களில் மலாயாவின் விதை மரங்கள் ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்குச் சராசரியாக 650 கிலோ ரப்பரே தந்தன. நல்ல மரத்தை மட்டும் பெருக்க முடிந்தால் அது எங்கேயோ போகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. செய்யும் வழிதான் தெரியவில்லை.

வழியை ஜாவாவில் கண்டார்கள். 1915, 1916 வாக்கில் பைத்தன்சோர்க்கில், அதாவது இன்றைய போகோரில், வான் ஹெல்டன் என்ற டச்சுக்காரர் இரண்டு தோட்டக்காரர்களோடு சேர்ந்து ரப்பரில் மொட்டு ஒட்டும் முறையை நிலைநிறுத்தினார். ஒட்டுக் கட்டிய மரம் தாயின் அச்சு. பாலும் அதே அளவு, பட்டையும் அதே பட்டை.

இந்த வேலையைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்கலாம். நாற்றங்காலில் ஒன்று, ஒன்றரை வயதான விதைக் கன்றின் அடித்தண்டைத் துடைத்துவிட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் பட்டையில் மூன்று பக்கம் கீறுவார்கள். உடனே பால் கசியும். அவசரப்படக் கூடாது, பால் வடிந்து ஓய்ந்தபின் துடைத்துவிட்டுத்தான் பட்டையை மடல்போல உரிக்க வேண்டும். நல்ல மரத்தின் குச்சியிலிருந்து மொட்டோடு சேர்த்துச் சீவிய பட்டைத் துண்டை, உட்புறத்தில் விரல் படாமல், அந்த மடலுக்குள் செருக வேண்டும். விரல் பட்டால் ஒட்டு பிடிக்காது. பிறகு மெழுகுத் துணி நாடாவால் கீழிருந்து மேலாகச் சுற்றிக் கட்டுவார்கள். பின்னாளில் பிளாஸ்டிக் நாடா வந்தது. மூன்று வாரம் கழித்து அவிழ்த்து, நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பார்கள். உள்ளே பச்சை தெரிந்தால் பிடித்துவிட்டது. மேல்தண்டை அறுத்துவிட்டால் மொட்டு முளைத்து மரமாகும். விதை மரம் அடி பருத்து மேலே ஒடுங்கும். ஒட்டு மரம் மேலும் கீழும் ஒரே பருமனாக உருளை போல நிற்கும், ஒட்டிய இடத்தில் மட்டும் யானைக்கால்போல் வீங்கியிருக்கும். சிலாங்கூரில் மிச்சமிருக்கும் ரப்பர்க் காட்டுக்குள் நுழைந்தால் இன்றும் இந்த வீக்கத்தை வைத்தே எது ஒட்டு, எது விதை என்று சொல்லிவிடலாம்.

இனிக் காஜாங்குக்குப் போவோம். முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பாத பிரிட்டிஷ் படை அதிகாரிகள் சிலர் 1921இல் காஜாங்குக்குத் தெற்கே காட்டை வெட்டி ஒரு தோட்டம் போட்டார்கள். தாங்கள் பிழைத்து மீண்ட போரின் நினைவாக அதற்கு மலாய் மொழியில் பிராங் பெசார், ‘பெரும் போர்’, என்று பெயர் வைத்தார்கள். அவர்களில் மேஜர் கஃப் என்பவருக்கு ஒரு யோசனை. புதுத் தோட்டத்துக்குக் கிடைத்த விதையைப் போட்டு நிரப்புவதற்குப் பதிலாக, காஜாங் வட்டாரத்தில் ஏற்கெனவே பால் தந்துகொண்டிருந்த மரங்களில் சிறந்தவற்றைத் தேடிப் பிடித்து அவற்றிலிருந்து மொட்டு எடுத்தால் என்ன?

ஏறக்குறைய பத்து லட்சம் மரங்கள். அவற்றிலிருந்து தேறியவை 618.

இந்தத் தொடருக்காகப் படித்ததில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்கவைத்த எண் இதுதான். பத்து லட்சம் மரங்களை ஒரு மேஜர் தனியாகச் சுற்றிப் பார்த்திருக்க முடியாது. மரத்துக்கு மரம் பாலை அளக்கவேண்டுமென்றால் மங்கைத் தூக்கிப் பார்த்து, இந்த மரம், அந்த மரம் என்று காட்ட ஒருவர் வேண்டும். அந்தக் காலத்துச் சிலாங்கூர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். சேலத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கங்காணி கூட்டிவந்தவர்கள். 618 மரங்களைத் தேர்ந்தெடுத்ததில் அவர்கள் கண்ணும் கையும் இருந்திருக்கவே வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த 618இல் பல மொட்டுகள் சோதனையில் தோற்றன. நின்றவற்றுக்குத் தோட்டத்தின் முதலெழுத்துகளையும் ஓர் எண்ணையும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள்: பி.பி. 23, பி.பி. 25, பி.பி. 86, பி.பி. 186. இவற்றில் பி.பி. 86 மலாயா முழுவதும் பரவியது. பிற தோட்டங்களும் இதே வழியில் போயின. சிலாங்கூரின் பில்மோர் தோட்டத்து மரங்கள் பில் ஏ 44, பில் பி 84 என்று பெயர் பெற்றன. கிளென்ஷீல் தோட்டத்து மரம் ஜி.எல். 1. லண்டர்ஸ்டன் தோட்டத்து மரம் லன் என். கடலுக்கு அப்பால் ஜாவாவின் ஜிராஞ்சித் தோட்டத்து மரத்துக்கு ஜிர் 1 என்றும், கொண்டாங் தாப்பேன் தோட்டத்து மரத்துக்கு ஜி.டி. 1 என்றும் பெயர். சுமத்ராவின் கிழக்குக் கரைத் தோட்டக்காரர் சங்கத்தின் டச்சுப் பெயரைச் சுருக்கினால் அவ்ரோஸ். அந்தப் பெயரிலும் ஒரு வரிசை இருந்தது. தோட்டம், சங்கம், நிலையம். ஆள் பெயர் ஒன்றுகூட இல்லை. தாம்சனைப் போல நிலமும் கொடியும் தனக்கே சொந்தமான ஒருவர் இந்த வரலாற்றில் இல்லாததே காரணம்.

1925இல் சட்டம் இயற்றி மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தை (ஆர்.ஆர்.ஐ.எம்.) அமைத்தார்கள். அதன் சோதனைத் தோட்டம் சுங்கை பூலோவில். இங்கே வேலை அடுத்த கட்டத்துக்குப் போனது. நல்ல மரத்தைப் பிரதியெடுப்பதோடு நிற்காமல், இரண்டு நல்ல மரங்களுக்கு மணம் முடித்துவைத்தார்கள். ரப்பர்ப் பூ மிகச் சிறியது, வெளிர்மஞ்சள். ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொத்தில். ஆண் பூவின் மகரந்தத் தண்டை இடுக்கியால் எடுத்துப் பெண் பூவுக்குள் வைத்து, வேறு மகரந்தம் புகாதபடி ரப்பர்ப் பாலில் தோய்த்த பஞ்சுத் துணுக்கால் அடைக்க வேண்டும். உயரத்தில், மூங்கில் சாரத்தின்மேல் நின்றபடி, பூவுக்குப் பூ. நூறு பூவுக்கு இப்படிச் செய்தால் காய் பிடிப்பது சில பூக்கள்தான். காய்க்கு மூன்று விதை. விதை முளைத்து, மரமாகி, வெட்டிப் பார்த்து, அதன் மொட்டை ஒட்டி, அந்த ஒட்டு மரத்தையும் வெட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல இருபது ஆண்டு ஆகிவிடும்.

1928 முதல் 1931 வரை செய்த கலப்புகளுக்கு ஐந்நூறாம் எண் வரிசை. 1937 முதல் 1941 வரை செய்தவற்றுக்கு அறுநூறாம் வரிசை. பில் ஏ 44 தாயாக, லன் என் தகப்பனாகப் பிறந்தது ஆர்.ஆர்.ஐ.எம். 501. ஜாவாவின் ஜிர் 1 தாயாக, காஜாங்கின் பி.பி. 86 தகப்பனாக 1937இல் நடந்த கலப்பிலிருந்து பிறந்தது ஆர்.ஆர்.ஐ.எம். 600. ரப்பர் உலகம் கண்ட மிகப் பெரிய பெயர் இதுவே. தாய்லாந்தின் ரப்பர்த் தோட்டங்களில் இன்றும் மிக அதிகமாக நிற்பது இந்த மரம். 1950களின் சிறந்த ஒட்டு மரங்கள் ஹெக்டேருக்கு 1,600 கிலோ வரை தந்தன.

அந்தக் கன்றுகள் சுங்கை பூலோவில் முளைத்துக்கொண்டிருந்த ஆண்டுகள் தோட்டத் தமிழருக்கு எளிய ஆண்டுகள் அல்ல. 1938 ஜூன் மாதத்தில் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தியது. 1941இல் கிள்ளான் மாவட்டத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஆர். எச். நாதனும் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் முன்னால் நின்றார்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுவது, துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது ஆகியவை கோரிக்கைகளில் இருந்தன. மே மாதம் நாதன் கைதானார். பிறகு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியப் படை வந்துவிட்டது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற பெயரைப் படிக்கும்போதெல்லாம் அதன் கன்றுப் பருவம் இந்த ஆண்டுகளில் கழிந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பால் கூடக் கூட வெட்டுகிறவரின் தோளில் காண்டா வாளியும் கனத்தது. அந்தக் கனத்துக்கு ஏற்பக் கூலி கூடியதா என்பதே அடுத்த முப்பது ஆண்டுத் தோட்டத் தொழிற்சங்க வரலாறு.

செம்பனையைச் சொல்லாமல் கிள்ளான் பள்ளத்தாக்கின் பயிர்ப் பெயர்களை முடிக்க முடியாது. இங்கே திராட்சை நாட்டுக்காரர் ஒருவரே வருகிறார். ஹென்றி ஃபோக்கோனியே 1879இல் பிரான்சின் சாரந்த் பகுதியில் பார்பெசியே ஊரில் பிறந்தார். கொன்யாக் பிராந்திக்குப் பேர்போன பகுதி அது. அவர் பிறந்த காலத்தில் பைலோக்சரா என்ற வேர்ப்பேன் அங்கே திராட்சைக் கொடிகளை அழித்துக்கொண்டிருந்தது. 1905இல் மலாயா வந்து, மலாயும் தமிழும் கற்றுக்கொண்டு, கோல சிலாங்கூர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டம் போட்டார். 1930இல் மலாயாவைப் பற்றிய நாவலுக்குப் பிரான்சின் கொன்கூர் பரிசு பெற்றவரும் இவரே. சுமத்ராவில் செம்பனை நட்டுக்கொண்டிருந்த பெல்ஜிய நண்பர் அட்ரியான் ஆலே வழியாக விதை வரவழைத்து, 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே, இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய ஊரின் பக்கம், மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதன் பெயர் தென்னமரம் எஸ்டேட்.

ஆம், தமிழ்ப் பெயரேதான். ஆங்கில எழுத்தில் எழுதி ஆங்கிலேயர் வாயில் புரண்டாலும் தென்னமரம் தென்னமரமாகவே இருந்தது. இன்று உலகச் சந்தையில் மலேசியா விற்கும் பாமாயிலின் வரலாற்றை எந்த நூலில் எடுத்தாலும் முதல் பக்கத்தில் இந்தப் பெயர் இருக்கும். கிளென்களும் ஹைலாண்டுகளும் நிறைந்த பட்டியலில் நம் மொழியிலிருந்து ஒரு சொல் இப்படி ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆனால் செம்பனை வகைகளின் பெயர் வேறு பக்கம் போனது. 1848இல் போகோருக்கு வந்த நான்கு கன்றுகளின் சந்ததி சுமத்ராவின் டெலி வட்டாரத்தில் பெருகியதால் அதற்கு டெலி டூரா என்று பெயர். டூரா என்றால் தடித்த ஓடு. ஓடே இல்லாத பிசிஃபெராவோடு கலந்தால் மெல்லிய ஓடுள்ள தெனேரா கிடைக்கும். டெலி டூராவிலும் தோட்டப் பெயர்கள் ஒட்டிக்கொண்டன. செர்டாங் விவசாய நிலையத்தின் சாலையோர மரங்களிலிருந்து வந்த வரிசைக்குச் செர்டாங் அவென்யூ என்றும், எல்மினா தோட்டத்து வரிசைக்கு எல்மினா என்றும் பெயர். அந்த எல்மினாவில்தான் குட்டையாக வளர்ந்த ஒரு பனை கண்ணில் பட்டது. மரத்தின் எண் 206. குட்டைப் பனை வகைகளின் மரபு வரிசையில் ஈ 206 என்ற அந்த எண் இன்றும் இருக்கிறது. எல்மினா இப்போது வீட்டுமனைப் பட்டணம்.

இந்த மாற்றம் எல்மினாவோடு நிற்கவில்லை. சீபீல்டு தோட்டம் யூ.எஸ்.ஜே. வீடுகளாயிற்று. எஃபிங்ஹாம் பண்டார் உத்தாமா ஆயிற்று. பிராங் பெசார் தோட்டம் 1990களின் நடுவில் நாட்டின் நிர்வாகத் தலைநகருக்காக எடுக்கப்பட்டது. 1999இல் பிரதமர் அலுவலகம் அங்கே குடிபோனது. அதுதான் புத்ராஜெயா. சுங்கை பூலோ ஆராய்ச்சித் தோட்டத்து நிலத்தில் ஊழியர் சேமநிதி வாரியத்தின் குவாசா டாமன்சாரா எழுகிறது. பரப்பு 2,330 ஏக்கர். 2023 மார்ச் மாதம் முழுமையாகத் திறந்த எம்.ஆர்.டி. புத்ராஜெயா வழித்தடம், குவாசா டாமன்சாராவில் கிளம்பி 57.7 கிலோமீட்டர் ஓடிப் புத்ராஜெயா செண்ட்ரலில் நிற்கிறது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 பிறந்த இடத்தையும் அதன் தகப்பன் மரம் நின்ற இடத்தையும் இணைக்கும் இந்த ரயிலில் போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறோம்?

மரங்களைவிட மனிதர் கதை கடினம். புத்ராஜெயாவுக்காகக் காலிசெய்த பிராங் பெசார், காலவே, மெடிங்லி, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டங்களின் குடும்பத்தினர் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். லயத்துக்கு முன்னால் கோயிலும் காய்கறிப் பாத்தியும் வைத்திருந்தவர்கள், மாடிப்படி ஏறி அறைக்குள் அடைந்தார்கள். கட்டடத்தில் விரிசல் விழுந்தது. தங்களுக்குத் தரைவீடு வேண்டும் என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். உலகம் முழுக்கப் பெயர் சொல்லி நடும் ஒரு மரத்தை வளர்த்த தோட்டத்தின் கடைசித் தலைமுறைக்கு இது நேர்ந்திருக்கக் கூடாது.

தோட்டத்துப் பிள்ளை ஆராய்ச்சிக் கழகத்துக்குள் நுழைந்த கதையும் உண்டு. சுங்கை பூலோ வட்டாரத்து உலு பூலோ ரப்பர்த் தோட்டத்தில் 1929இல் பிறந்த மலையாளி பி. சி. சேகர், 1966இல் அந்தக் கழகத்தின் முதல் ஆசிய இயக்குநரானார். ரப்பரைப் பார்வையால் தரம் பிரிக்கும் பழைய வழக்கத்தை மாற்றி, சோதித்து முத்திரையிடும் எஸ்.எம்.ஆர். தரத்தைக் கொண்டுவந்ததில் முன்னின்றவர் அவர். தொழிலாளர்கள் தோட்டத்துக்கு உரிமையாளராகவும் முயன்றார்கள். பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலைக்குப் பெயர் தந்திருக்கும் துன் வீ. தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்பனையான நாள்களில், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டிச் சேர்த்த வெள்ளியைப் பங்காகப் போட்டு மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். ஜாலான் துன் சம்பந்தனில் பூவும் பலகாரமும் வாங்க நடக்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம். இந்த முயற்சி நாற்பது ஆண்டு முந்தி, காஜாங்கில் மரம் தேடிய காலத்திலேயே நடந்திருந்தால், 618 மரங்களில் ஒன்றாவது யாராவது ஒரு முனியாண்டியின் பெயரையோ பாப்பம்மாளின் பெயரையோ தாங்கியிருக்கக்கூடும்.

காஜாங் மரங்களின் வம்சம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பி.பி. 56, பி.பி. 24 இரண்டையும் கலந்து பி.பி. 5/51, அதை பி.பி. 49ஓடு கலந்து பி.பி. 260. இந்தக் கடைசி மரம் கேரளத்திலும் இந்தோனேசியாவிலும் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டிலும் நிற்கிறது. கோட்டயத்து இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980இல் வெளியிட்ட ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 கேரளத்தையும் கன்னியாகுமரி மாவட்டத்தையும் நிரப்பிய மரம். அதன் தாய், ஆர்.ஆர்.ஐ.எம். 600இன் தாயான அதே ஜிர் 1. தகப்பன், நாம் மேலே பார்த்த கிளென்ஷீல் தோட்டத்து ஜி.எல். 1. குலசேகரத்திலோ பேச்சிப்பாறையிலோ இன்று விடியற்காலை பால் வெட்டப் போகிறவர் கையாளும் மரம், மலாயாவுக்குக் கப்பலேறிய தமிழர் வெட்டிய மரத்தின் பிள்ளை.

ரப்பரும் செம்பனையும் எழுத்தும் எண்ணுமாகப் பெயர் பெற்றது போலவே, இந்த மண்ணின் பழம் ஒன்றும் விவசாய இலாகாவின் பதிவேட்டில் எண்ணாகியது. ஆனால் அங்கே மக்கள் வைத்த பெயர் எண்ணை முந்திக்கொண்டது. டி 24 எப்படி எண்ணாகவே நிலைத்தது, 1993இல் டி 197 என்று பதிவான டுரியானை முசாங் கிங் என்று உலகம் ஏன் அழைக்கிறது என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.